ஒரு ஆவர்த்தனத்துக்கு எத்தனை நொடி?

மகா சிவராத்திரியை ஒட்டி சிதம்பரத்தில் 1981 முதல் நடந்துவருகிறது நாட்டியாஞ்சலி. பதிவு செய்த இசைக்கு ஆட கடலூரிலிருந்து ஒரு குழு கிளம்புகிறது என்று வையுங்கள். மேடையில் கிடைப்பது பத்தே நிமிடம். உருப்படி அதற்குள் அடங்குமா?

கணக்கு ரொம்பச் சுலபம். இசை மென்பொருளில் வேகத்தை ‘பிபிஎம்’ என்பார்கள். அதாவது, நிமிடத்துக்கு எத்தனை தட்டு. 60-ஐ அந்த எண்ணால் வகுத்தால், ஒரு தட்டின் நேரம் நொடியில் கிடைக்கும்.

வேகம் 80 என்றால் ஒரு தட்டு 0.75 நொடி. ஒரு அட்சரத்துக்கு ஒரு தட்டு என்று வைத்தால், ஆதி தாளத்தின் 8 அட்சரங்களுக்கு 6 நொடி. 32 ஆவர்த்தனம் ஆட 3 நிமிடம் 12 நொடி. அதையே 100-க்கு ஏற்றினால் சுமார் 2 நிமிடம் 34 நொடியில் முடிந்துவிடும். 38 நொடி மிச்சம்தான்; ஆனால், கால் ஈடுகொடுக்க வேண்டுமே!

சீக்வென்சர் இன்னும் நுணுக்கமாக எண்ணும். பல மென்பொருள்கள் ஒரு தட்டை 480 ‘டிக்’காகப் பிரிக்கின்றன. சதுஸ்ர நடையின் ‘தகதிமி’யில் ஒரு மாத்திரைக்கு 120 டிக், திஸ்ரத்தின் ‘தகிட’வில் 160, கண்டத்தில் 96. மிஸ்ரத்தின் ஏழு மீதமின்றி வகுபடாது. 80 வேகத்தில் ஒரு டிக் 1.56 மில்லி நொடிதான் என்பதால், அந்த வித்தியாசம் காதுக்குத் தெரியாது.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. வேகம் மாறினால் டிக் எண்ணிக்கை மாறாது. ஒவ்வொரு டிக்கின் நேரம்தான் மாறும். நடுவில் காலப்பிரமாணம் கூடும் உருப்படியை, பகுதி பகுதியாகக் கணக்கிட்டுக் கூட்டுங்கள். சராசரி வேகத்தை வைத்துப் போட்டால், தீர்மானம் வைப்பதற்குள் நேரம் முடிந்துவிடலாம்.