போர்க்காலத்தில் தேவாலயக் கதவுகள்

ஒரேயொரு சொல்லை மாற்றி ஓதியமைக்காக ஒரு குருவானவர் தமது குருத்துவத்தை இழந்தார். 2022 பெப்ரவரியில் ருஷ்யப் படைகள் உக்ரெயினுக்குள் பெருமளவில் புகுந்தன. அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில், ருஷ்ய மரபுவழித் திருச்சபையின் முதுபெரும் பிதா கிரில், ஆலயங்களில் ஓதப்படவேண்டிய மன்றாட்டு ஒன்றை அனுப்பிவைத்தார். அது ‘வெற்றி’யை வேண்டியது. மொஸ்கோவில் பணியாற்றிய அருட்தந்தை இயோவான் கோவல் அச்சொல்லை விடுத்து, ‘சமாதானம்’ என்று ஓதினார். 2023 இல் அவர் குருத்துவத்திலிருந்து நீக்கப்பட்டார். நாட்டைவிட்டு வெளியேறித் துருக்கியை அடைந்த அவரை, கொன்ஸ்தாந்திநோப்பிள் முதுபெரும் பிதா மீண்டும் குருவாக ஏற்றுக்கொண்டார்.

2024 மார்ச்சில், கிரில் தலைமை தாங்கும் உலக ருஷ்ய மக்கள் பேரவை இப்போரைப் ‘புனிதப் போர்’ என்றே அறிவித்தது.

போர் மூளும்போது திருச்சபை யார் பக்கம் நிற்கிறது என்ற வினா அகதிகளாகிய நமக்கு வெறும் இறையியல் வினா அன்று. நம்மில் பலர் எறிகணைகளுக்குத் தப்பி, கோவில் மண்டபத்திலோ தேவாலய முன்றிலிலோ பாய் விரித்துப் படுத்தவர்கள். கூரை ஒன்றுதான் என்றாலும் சில கூரைகள் நம்மைக் காத்தன, சில கைவிட்டன. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

கூரை காக்காத நாடு

ருவாண்டாவில் 1994 ஏப்ரலில் இனப்படுகொலை தொடங்கியபோது துற்சி மக்கள் தேவாலயங்களை நோக்கி ஓடினர். முன்னைய பத்தாண்டுகளில் நிகழ்ந்த வன்செயல்களின்போது அங்கே ஒதுங்கியவர்கள் உயிர் தப்பியிருந்தனர். இம்முறை அவ்வாறு நிகழவில்லை. என்தராமா தேவாலயத்தில் மட்டும் ஏறத்தாழ 5,000 பேர் கொல்லப்பட்டனர். நியாங்கே தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த 1,500 பேருக்கு மேற்பட்டோர் மீது கட்டடமே இயந்திரங்களால் இடித்து வீழ்த்தப்பட்டது. அக்கொடுமையில் பங்குகொண்ட அப்பங்கின் குரு அதனாஸ் செறொம்பாவுக்கு, சர்வதேச நீதிமன்றம் 2008 இல் மேன்முறையீட்டின்போது ஆயுட்காலச் சிறைத்தண்டனை விதித்தது.

இதன் வேர் பழையது. தலைநகர் கிகாலியின் பேராயர் ஆளுங்கட்சியின் மத்திய குழுவில் பல ஆண்டுகள் அங்கம் வகித்தவர். அரசோடு ஒரே மேசையில் அமர்ந்து பழகிய திருச்சபைக்கு, அதே அரசின் கொலையாளிகள் வாசலில் வந்து நின்றபோது ‘உள்ளே வராதே’ என்று சொல்லும் குரல் எழவில்லை. அவ்வாறு சொன்னவர்கள் தனிமனிதர்களே. கிசெனியில் பெலிசித்தாஸ் நியிதேகேகா என்ற ஹூற்றுப் பெண்மணி, தம்மை மட்டும் காத்துக்கொள்ள வாய்ப்பிருந்தும் அதை மறுத்து, தாம் மறைத்து வைத்திருந்தவர்களோடு சேர்ந்து உயிர் நீத்தார். 2017 இல் பாப்பரசர் பிரான்சிஸ், திருச்சபையினதும் அதன் உறுப்பினர்களினதும் பாவங்களுக்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார்.

ஒரு கொலையும் ஒரு கதவும்

எல் சல்வடோரில் நிலைமை வேறாக இருந்தது. பேராயர் ஒஸ்கார் ரொமேரோ 1980 மார்ச் 23 ஆம் நாள் ஆற்றிய மறையுரையில் படைவீரர்களை நேரடியாக விளித்து, சொந்த மக்களைக் கொல்லும் கட்டளைக்கு எவரும் கீழ்ப்படியத் தேவையில்லை என்றார். மறுநாள் மாலை, திருப்பலி ஒப்புக்கொடுத்துக் கொண்டிருந்தபோதே சுட்டுக்கொல்லப்பட்டார். அந்த நாட்டின் உள்நாட்டுப் போர் 1992 வரை நீடித்து ஏறத்தாழ 75,000 உயிர்களைப் பலிகொண்டது.

அப்போரிலிருந்து தப்பியோடியவர்கள் அமெரிக்காவின் வாசலைத் தட்டினர். சல்வடோர் அரசுக்கு ஆயுதமும் பணமும் வழங்கிய அமெரிக்கா, அவர்களுடைய புகலிடக் கோரிக்கைகளில் மிகப் பெரும்பாலானவற்றை நிராகரித்தது. ரொமேரோ கொல்லப்பட்டு இரண்டு ஆண்டுகள் நிறைவுற்ற அதே நாளில், 1982 மார்ச் 24 அன்று, அரிசோனா மாநிலத்தின் ரூசன் நகரிலுள்ள ஒரு பிரெஸ்பிற்றேரியன் தேவாலயம் தன்னை அடைக்கலத் தலமாகப் பகிரங்கமாக அறிவித்தது. நூற்றுக்கணக்கான சபைகள் அதனைப் பின்பற்றின. அரசு உளவாளிகளைச் சபைக் கூட்டங்களுக்குள் அனுப்பி உரையாடல்களைப் பதிவு செய்தது. 1986 இல் போதகர் ஜோன் பைஃப் உட்பட எட்டுப் பேர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். ஆயினும் திருச்சபைகள் தொடுத்த வழக்கு 1991 இல் உடன்பாட்டில் முடிந்தது. சல்வடோர், குவாத்தமாலா அகதிகளின் கோரிக்கைகளை மீண்டும் விசாரிக்க அரசு இணங்கியது.

ஜேர்மனி கற்ற பாடம்

ஜேர்மன் படைவீரரின் இடுப்புப் பட்டியில் ‘கடவுள் எம்மோடு’ என்று பொறிக்கப்பட்டிருந்த காலம் ஒன்றிருந்தது. 1933 இல் புரட்டஸ்தாந்துத் திருச்சபையின் பெரும் பகுதி ஹிட்லரை வரவேற்றது. 1934 இல் பார்மென் நகரில் கூடிய சிறுபான்மையினர், திருச்சபை அரசின் கருவியாக மாற முடியாது என அறிக்கையிட்டனர். அவ்வணியைச் சேர்ந்த டீற்றிக் பொன்ஹொஃபர் 1945 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டார். அதே ஆண்டு ஒக்டோபரில் ஸ்ருட்காட் நகரில், போதிய துணிவோடு தாம் சாட்சி பகரவில்லை என்று திருச்சபைத் தலைவர்கள் ஒப்புக்கொண்டனர்.

அந்தக் குற்ற உணர்வு சொற்களோடு நின்றுவிடவில்லை. 1983 ஆகஸ்டில், துருக்கி அரசிடம் ஒப்படைக்கப்படும் அச்சத்தில் ஜெமால் அல்துன் என்ற 23 வயது இளைஞர் மேற்கு பேர்லின் நீதிமன்ற யன்னலிலிருந்து குதித்து இறந்தார். அவ்வாண்டே பேர்லினின் திருச்சிலுவைப் பங்கு, போர் நடந்துகொண்டிருந்த லெபனானுக்கு அனுப்பப்படவிருந்த பலஸ்தீனக் குடும்பங்களைத் தன் கூரையின் கீழ் ஏற்றது. இன்று ‘தேவாலய அடைக்கலம்’ எனப்படும் வழக்கம் அவ்வாறே அங்கு வேரூன்றியது.

இது சட்டம் தந்த உரிமை அன்று என்பதை நம்மவர்கள் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். பங்குச் சபை கூடி முடிவெடுக்கிறது. அடைக்கலம் பெறுபவரின் பெயரும் இருப்பிடமும் அதிகாரிகளுக்கு உடனே அறிவிக்கப்படுகின்றன, எவரும் ஒளித்துவைக்கப்படுவதில்லை. அவர் வளாகத்தை விட்டு வெளியேற முடியாது. உணவுக்கும் மருத்துவத்துக்கும் பங்கே பொறுப்பேற்கிறது. டப்ளின் விதிகளின்படி வேறு நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட வேண்டியவர் அவ்வாறு தங்கியிருக்கையில் ஆறு மாதக் காலக்கெடு கடந்தால், கோரிக்கையை விசாரிக்கும் பொறுப்பு ஜேர்மனியைச் சேர்ந்ததாகும் என்ற அடிப்படையில் பலர் பயனடைந்தனர்.

பொலிஸார் உள்ளே நுழையத் தயங்குவது மரியாதையினால் மட்டுமே. அந்த மரியாதையும் தேய்ந்து வருகிறது. 2024 மே மாதத்தில் கீழ்ச் சக்சனி மாநிலத்தின் பீனென்பியூற்றல் என்ற ஊரில், போருக்கு அழைக்கப்படுவோம் என்று அஞ்சி வந்த ருஷ்யக் குடும்பம் ஒன்றைப் பொலிஸார் தேவாலய வளாகத்திலிருந்தே அழைத்துச் சென்று ஸ்பெயினுக்கு அனுப்பினர். மொஸ்கோவில் ஒரு திருச்சபை ஆசீர்வதித்த போருக்கு அஞ்சியவர்களை, ஜேர்மனியில் இன்னொரு திருச்சபையால் இறுதிவரை காக்க முடியவில்லை.

நெதர்லாந்தில் வழிபாடு நடைபெறும்போது பொலிஸார் உட்புகச் சட்டம் இடந்தராது. ஹேக் நகரின் பெத்தேல் தேவாலயம் இதை அறிந்து, ஓர் ஆர்மேனியக் குடும்பத்துக்காக 2018 ஒக்டோபர் முதல் 2019 ஜனவரி வரை, இரவு பகலாக 96 நாட்கள் வழிபாட்டை நிறுத்தாமல் நடத்தியது. நாடெங்கிலுமிருந்து போதகர்கள் முறைவைத்து வந்தனர். இறுதியில் அரசு இறங்கிவந்தது.

நமது வாசல்

நமது மண்ணிலும் இரண்டையும் கண்டோம். 1995 யூலை 9 ஆம் நாள் நவாலி புனித பேதுரு ஆலயத்தில் தஞ்சம் புகுந்தோர் மீது விமானப்படை வீசிய குண்டுகள் நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தன. கூரை காக்கவில்லை. 2011 இல் மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப், வன்னியில் 146,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்று அரசின் ஆணைக்குழு முன் கேட்டார். கூரையால் இயலாததைக் குரல் செய்ய முயன்றது.

இவற்றிலிருந்து நாம் பெறும் விடை இதுவே: அரசின் மடியில் அமர்ந்த திருச்சபையால் அந்த அரசுக்கு அஞ்சி ஓடிவருபவனைக் காக்க இயலாது. விலகி நிற்பதற்கும் இழப்பதற்கும் துணிந்த மனிதர்கள் உள்ளே இருந்தால்தான் சுவர் அரணாகும்.

புலம்பெயர்ந்த நாடுகளில் இன்று நமக்கும் கோவில்களும் சபைகளும் மண்டபங்களும் உண்டு. சிரியாவிலிருந்தும் சூடானிலிருந்தும் உக்ரெயினிலிருந்தும் வருகின்றவர்கள், நாம் முன்னர் நின்ற அதே வரிசையில் இப்போது நிற்கிறார்கள். அவர்களுள் ஒருவர் நமது வாசலுக்கு வந்தால், நமது நிர்வாக சபை கூடி என்ன முடிவெடுக்கும்? இப்போதே எண்ணிப் பார்ப்பது நல்லது.