"இன்னும் அஞ்சே நிமிஷம்..." - கைத்தொலைபேசியைக் கீழே வைக்க முடியவில்லையா?

"இதோ, இன்னும் அஞ்சே நிமிஷம்மா..."

இரவு 11 மணிக்குச் சொன்னது. நிமிர்ந்து பார்த்தால் மணி 1.30! காலையில் பள்ளிக்குப் போகும் ரயிலில் நின்றுகொண்டே தூக்கம். அப்போதும் கையில் அதே கைத்தொலைபேசி.

உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா? மனவுறுதி இல்லை என்று உங்களை மட்டும் குறைசொல்ல முடியாது.

ஏன் நிறுத்த முடியவில்லை?

புத்தகத்தில் அத்தியாயம் முடியும். தொலைக்காட்சி நாடகத்தில் 'தொடரும்' வரும். அங்கே எழுந்துவிடலாம். சமூக ஊடகத்தில் அப்படி ஓர் இடமே இல்லை. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும். அந்த முறையை 2006இல் வடிவமைத்த அமெரிக்கர் ஏசா ரஸ்கின், பின்னாளில் அதற்காக வெளிப்படையாக வருந்தினார்.

இன்னொரு காரணம் எதிர்பார்ப்பு. தீனி எப்போது கிடைக்கும் என்று தெரியாத புறாக்கள், விடாமல் கொத்திக்கொண்டே இருந்ததை உளவியலாளர் பி.எஃப்.ஸ்கின்னர் தமது ஆய்வுகளில் கண்டார்.

நாமும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஒரு பதிவைப் போட்டுவிட்டு 2 நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கிறோம். ஒரு நாள் 40 'லைக்'. மறுநாள் ஒன்றுமில்லை. "இப்போ வந்திருக்குமோ?" என்ற அந்த எண்ணம்தான் நம்மைத் திரும்பத் திரும்ப இழுக்கிறது.

அதிக நேரம் பயன்படுத்தினாலே அடிமையா?

இல்லை. ஒருவர் வலைப்பதிவு எழுத 3 மணி நேரம் செலவிடலாம். பாடத்தை முடித்து, நேரத்தோடு தூங்கி, நண்பர்களையும் சந்தித்தால் அது ஆர்வம்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் 2022இல் நடப்புக்கு வந்தது. அதில் மின்விளையாட்டுக் கோளாறு இடம்பெற்றுள்ளது. சமூக ஊடகப் பழக்கம் அதில் தனி நோயாக இல்லை. இருந்தாலும் அந்தக் கோளாற்றின் 3 அடையாளங்களை வைத்து நம்மை நாமே கேட்டுப் பார்க்கலாம்:

- நிறுத்த நினைத்தும் முடியவில்லையா?

- மற்ற எல்லாவற்றையும்விட அதுவே முக்கியமாகிவிட்டதா?

- படிப்பு, தூக்கம், உறவு கெடுவது தெரிந்தும் தொடர்கிறீர்களா?

மூன்றுக்கும் 'ஆமாம்' என்றால், உடனே நோய் என்று முடிவுகட்ட வேண்டாம். அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் சும்மா விட்டுவிடவும் கூடாது.

என்ன செய்யலாம்?

- கைத்தொலைபேசியைப் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் போடுங்கள். எழுப்புவதற்குச் சாதாரண அலாரம் கடிகாரம் போதும்.

- அவசியமில்லாத அறிவிப்புகளை அடைத்துவையுங்கள்.

- கை தானாகக் கைத்தொலைபேசிக்குப் போகும்போது, "இப்போ எனக்கு என்ன தோணுது?" என்று கேளுங்கள். சலிப்பா? தேர்வுப் பயமா? பேச ஆளில்லையா?

கடைசிக் கேள்விதான் முக்கியம். தனிமையை மறக்க இணையத்துக்குப் போகும் ஒருவரிடமிருந்து கைத்தொலைபேசியைப் பிடுங்கினால், தனிமை மட்டும்தான் மிஞ்சும். பெற்றோரும் இதை யோசிக்க வேண்டும். திட்டுவதற்கு முன் பக்கத்தில் உட்கார்ந்து, "என்னப்பா பார்க்கிற?" என்று கேட்டால் பேச்சு தொடங்கும்.

தனியாகச் சமாளிக்க முடியவில்லையா? பள்ளி ஆலோசகரிடம் சொல்லுங்கள். சிங்கப்பூரில் 1771 என்ற எண்ணில் மனநல ஆலோசனை பெறலாம். மனநலக் கழகத்தில் இத்தகைய பழக்கங்களுக்குச் சிகிச்சையும் உண்டு.

உதவி கேட்க வெட்கம் வேண்டாம். இன்றிரவு அந்த "அஞ்சு நிமிஷம்" உண்மையிலேயே 5 நிமிடத்தில் முடிந்தால், அதுவே நல்ல தொடக்கம்.