உண்ணிக்கொக்கும் ஆநிரையும்

உயிர்களிடையே நிலவும் நட்பிற்கு நாம் அன்றாடம் காணும் சான்று உண்ணிக்கொக்கும் மாடும். மாட்டின் மேலுள்ள உண்ணியைக் கொத்துவதால் இக்கொக்கு அப்பெயர் பெற்றது. எனினும், மாடு நடக்கையில் புல்லினின்று எழும் வெட்டுக்கிளி முதலிய பூச்சிகளே அதன் முதன்மை உணவு. தனித்து இரை தேடுவதினும் இதில் உழைப்புக் குறைவு, பயன் மிகுதி. ஆதலின், செட்டிநாட்டுக் கண்மாய்கள் கோடையில் வறண்ட பின்னரும் அது மேய்ச்சல் மாடுகளை விட்டகல்வதில்லை.

வடகிழக்குப் பருவமழையால் கண்மாய்கள் நிறைந்ததும், அதன் வெண்ணிறத் தலையிலும் கழுத்திலும் பொன்னிறம் படர்கின்றது. அஃது இனப்பெருக்கக் காலத்தின் அறிகுறி. திருப்பத்தூரை அடுத்த வேட்டங்குடிக் கண்மாய்கள் 1977-ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், வக்கா ஆகியவற்றோடு உண்ணிக்கொக்கும் அங்கு வருகின்றது. அப்பருவத்திலும் அது இரை தேடி மாடுகளையே நாடிச் செல்கின்றது.

அப்பறவைகள் அஞ்சாதிருத்தற்பொருட்டுக் கொள்ளுகுடிப்பட்டி மக்கள் தீபாவளியன்றும் வெடி வெடிப்பதில்லை. அவர்தம் அருளுள்ளம் நாம் போற்றத்தக்கது. மேய்ச்சல் நிலம் சுருங்கினும், உழும் இயந்திரத்தைப் பின்தொடர்ந்து கொக்கு இரை தேடிக்கொள்ளும். கண்மாய் தூர்ந்து போயின், அது கூடு கட்ட இடமேது? கொக்கிற்கும் மாட்டிற்கும் உள்ள நட்பு நிலைக்க வேண்டுமாயின், நீர்நிலைகளை நாம் காத்தல் வேண்டும்.