நுங்கம்பாக்கத்துக் கோள்

புயல் காலம் வந்தால் மைக்குகள் மொய்க்கும் நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் பழைய கருங்கல் தூண் ஒன்று நிற்கிறது. 1792ல் கிழக்கிந்தியக் கம்பெனி அமைத்த மெட்ராஸ் வானாய்வகத்தின் கருவியைத் தாங்கிய தூண் அது. சூரியனைத் தவிர இன்னொரு விண்மீனுக்கும் கோள் உண்டு என்று அளவுகளைக் காட்டி வாதாடிய மிகப் பழைய குரல்களில் ஒன்று இந்த ஆய்வகத்திலிருந்துதான் எழுந்தது.

ஆண்டு 1855. ஆய்வகத் தலைவராக இருந்தவர் கேப்டன் டபிள்யூ. எஸ். ஜேக்கப். அவர் பார்த்துவந்தது 70 ஒஃபியூக்கி என்ற இரட்டை விண்மீன். ஒன்றையொன்று சுற்றிவர 88 ஆண்டு எடுத்துக்கொள்ளும் ஜோடி. கணக்குப்படி போக வேண்டிய பாதையிலிருந்து அது லேசாகப் பிசகுவதாக ஜேக்கப்புக்குப் பட்டது. கண்ணுக்குத் தெரியாத கோள் ஒன்று இழுக்கிறது, அப்படி இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று லண்டன் ராயல் வானியல் கழக இதழில் எழுதினார்.

அங்கே கோள் இல்லை. நாற்பது ஆண்டு கழித்து அமெரிக்காவின் டி. ஜே. ஜே. சீ அதே விண்மீனில் அதே கதையைக் கிளப்பினார். அவர் சொன்னபடி ஒரு துணை இருந்தால் அந்தக் கூட்டமே நிலைக்காது என்று 1899ல் வானியலாளர் எஃப். ஆர். மோல்டன் கணக்குப் போட்டுக் காட்டினார். ஆனால் ஜேக்கப்பின் யோசனையில் பிழை இல்லை. தட்டாமாலை சுற்றும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். பெரிய அக்காவும் பொடித் தம்பியும் கைகோத்துச் சுற்றினால், தம்பி பெரிய வட்டம் போடுவான். அக்காவின் காலடியும் ஓரிடத்தில் நிற்காது, சின்ன வட்டம் ஒன்று போடும். இருட்டில் தம்பியே தெரியாவிட்டாலும் அக்காவின் காலடியை வைத்து அவன் எவ்வளவு கனம் என்று சொல்லிவிடலாம். கோள் பொடியன், விண்மீன் அக்கா. கோளை நேராகப் பார்ப்பதோ பெரும்பாடு: எதிரே வரும் லாரியின் ஹெட்லைட் பக்கத்தில் பறக்கும் கொசுவைத் தேடுகிற வேலை.

சிக்கல் காலடியை அளப்பதில்தான். அமெரிக்காவின் ஸ்ப்ரோல் ஆய்வகத்தில் பீட்டர் வான் டி காம்ப் 1938 முதல் பர்னார்டு விண்மீனை ஆயிரக்கணக்கான கண்ணாடித் தகடுகளில் படமெடுத்தார். வியாழனைவிடப் பெரிய கோள் அங்கே இருப்பதாக 1963ல் அறிவித்தார். பாடப்புத்தகம்வரை போன செய்தி அது. பத்தாண்டு கழித்து அதே ஆய்வகத்தின் ஜான் ஹெர்ஷி மற்ற விண்மீன்களின் தகடுகளை எடுத்துப் பார்த்தார். அவையும் அதே ஆண்டுகளில் ஒன்றுபோல் இடம் தள்ளியிருந்தன! 1949ல் தொலைநோக்கியின் லென்ஸைப் பிடித்திருந்த சட்டத்தை மாற்றியிருக்கிறார்கள். ஆடியது கருவி. வான் டி காம்ப் கடைசிவரை இதை ஒப்புக்கொள்ளவில்லை. 1995 மே மாதம் காலமானார்.

அதே ஆண்டு அக்டோபரில் சுவிட்சர்லாந்தின் மிஷெல் மயோரும் டிடியே கெலோவும் சூரியனை ஒத்த விண்மீன் ஒன்றைச் சுற்றும் முதல் கோளை அறிவித்தார்கள். அவர்கள் விண்மீனின் இடத்தை அளக்கவில்லை, வேகத்தை அளந்தார்கள். விண்மீன் நம் பக்கம் வரும்போது அதன் நிறமாலைக் கோடுகள் நீலத்தை நோக்கி நகரும், விலகும்போது சிவப்பை நோக்கி நகரும். 51 பெகாசி என்ற அந்த விண்மீன் நொடிக்கு 60 மீட்டருக்குச் சற்றுக் குறைவான வேகத்தில் முன்னும் பின்னும் ஆடியது. ஆட்டத்துக்கு ஆன நேரம் வெறும் 4.2 நாள். புதனுக்கே 88 நாள் ஆகும்போது, வியாழனில் பாதி எடையுள்ள கோள் இத்தனை நெருக்கத்தில் எப்படிச் சுற்றும்? கெலோ முதலில் கருவியைத்தான் சந்தேகித்தார். விண்மீன் பகல் வானத்துக்குள் மறைந்து மீண்டும் இரவில் தலைகாட்டும்வரை பல மாதம் காத்திருந்து, முன்கூட்டியே கணித்த ஆட்டம் அப்படியே நடக்கிறதா என்று ஜூலையில் சரிபார்த்த பிறகுதான் வாய் திறந்தார்கள். எனக்கு அவர்களின் 2019 நோபல் பரிசைவிட இந்தக் காத்திருப்பே பெரிதாகத் தெரிகிறது.

1999ல் இன்னொரு வழி திறந்தது. கோள் குறுக்கே கடக்கும்போது விண்மீனின் ஒளி சற்று மங்குவதைப் பிடிக்கும் முறை. கெப்ளர் தொலைநோக்கி இப்படியே 2,600க்கும் மேற்பட்ட கோள்களைத் தந்தது. இன்று மொத்தக் கணக்கு 6,000த்தைத் தாண்டிவிட்டது. கடக்கிற கோளின் காற்று மண்டலத்தை ஊடுருவி வரும் ஒளியைப் பிரித்துப் பார்த்தால் அங்கே என்ன வாயு இருக்கிறது என்றும் தெரியும். வாஸ்ப்-39பி என்ற கோளில் கார்பன் டை ஆக்சைடு இருப்பதை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2022ல் கண்டது இப்படித்தான்.

சூரியனை ஒத்த விண்மீனைச் சுற்றும் பூமி போன்ற கோள்தான் இன்னும் கைக்கு எட்டவில்லை. பூமி சூரியனை ஆட்டுவது நொடிக்கு 9 செ.மீ. மட்டுமே. தவழும் குழந்தையே அதை முந்திவிடும். விண்மீனின் கொதிக்கும் மேற்பரப்பு அதைவிடப் பலமடங்கு குமுறுகிறது. இன்றைய கருவிகள் நொடிக்கு அரை மீட்டர் அளவை நெருங்கியிருக்கின்றன. அது போதுமாக இருந்தது, எடை குறைவால் எளிதில் ஆடும் பர்னார்டு விண்மீனுக்கு. 2024ல் அங்கே ஒரு கோள், 2025ல் மொத்தம் நான்கு என்று உறுதியானது. எல்லாமே பூமியைவிடச் சிறியவை. வான் டி காம்ப் சொன்ன பெரிய கோள் அந்தப் பட்டியலில் இல்லை.

பர்னார்டு விண்மீனும் ஜேக்கப்பின் ஜோடியும் வானில் அக்கம்பக்கம். இடைவெளி சுமார் 3 டிகிரி, ஆறு முழு நிலாவை வரிசையாக அடுக்கும் அளவு. ஆடி மாதம் இரவு பத்து மணிவாக்கில் அந்தப் பகுதி சென்னையின் உச்சிக்குச் சற்றுத் தெற்கே நிற்கும். பர்னார்டைப் பார்க்கத் தொலைநோக்கி வேண்டும். 70 ஒஃபியூக்கி, நகர வெளிச்சம் இல்லாத இடத்தில் வெறுங்கண்ணுக்கே மங்கலாகத் தெரியும்.