துவிச்சக்கர வண்டிக்கும் பரீட்சையா?

மோட்டார் வண்டியின் சாரதியாக விரும்புபவன் வைத்தியச் சான்றிதழ் பெற வேண்டும். எழுத்துப் பரீட்சையில் தேற வேண்டும். பரிசோதகர் முன்னிலையில் வண்டியைச் செலுத்திக் காட்டவும் வேண்டும். அதே வீதியில், அதே சந்தியில், துவிச்சக்கர வண்டியில் வருபவனிடம் எவரும் எதையும் கேட்பதில்லை. இரண்டு சில்லுகளின் மேல் விழாதிருக்கத் தெரிந்தாற் போதும். இது நியாயமா என்று சாரதிகள் கேட்கின்றனர். கைகாட்டாமல் திடீரென வலப்புறம் திரும்புபவனையும், இரவில் விளக்கின்றி எதிரே வருபவனையும், நால்வராய் ஒரே வரிசையிற் சென்று உரையாடி மகிழும் மாணவரையும் சுட்டிக்காட்டி, இவர்களுக்கும் பரீட்சையும் அநுமதிப் பத்திரமும் வேண்டும் என்கின்றனர். தட்டிக் கழித்துவிடக்கூடிய வாதமன்று இது.

முதலில், துவிச்சக்கர வண்டிக்குச் சட்டமே இல்லை என்ற எண்ணம் பிழையானது. இங்கிலாந்தில் 1888ஆம் ஆண்டிலேயே அது ஒரு வண்டி எனச் சட்டம் வகுக்கப்பட்டு, இரவில் விளக்கும், பிறரை முந்தும்போது மணியோசையும் கட்டாயமாக்கப்பட்டன. அந்நாட்டு வீதிகளில் மோட்டார் வண்டி தோன்றுவதற்கு முந்திய காலம் அது! நமது நாட்டிலும் விளக்கின்றி ஓடியதற்கும், முன் பாரில் நண்பனை ஏற்றிச் சென்றதற்கும் தண்டம் கட்டிய பெரியவர்களின் கதைகள் யாழ்ப்பாணத்து வீடுகளில் ஏராளம். உள்ளூராட்சி மன்றங்கள் கட்டணம் அறவிட்டுத் தகடு வழங்கிய வழக்கமும் இருந்தது. ஆயின் அது வரியேயன்றிப் பரீட்சையன்று. தகடு பெற்றவனுக்கு வீதியொழுங்கு தெரியுமா என்று எவரும் வினவியதில்லை.

சாரதிக்கு மட்டும் பரீட்சை வந்த காரணம் யாது? 1934ஆம் ஆண்டில் பிரித்தானிய வீதிகளில் மாண்டோர் 7,343 பேர். அடுத்த ஆண்டே சாரதிப் பரீட்சை அங்கு கட்டாயமாயிற்று. பிறர் உயிரைப் பறிக்கும் வலிமை கையில் இருப்பதனாலேயே அவனைச் சோதிக்கின்றோம். பௌதிகவியல் ஆசிரியர்கள் இக்கணக்கை வகுப்பிற் செய்து காட்டலாம்: ஆளும் வண்டியுமாக 80 கிலோகிராம் நிறையுடன் மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் துவிச்சக்கர வண்டி ஒருபுறம், 1,200 கிலோகிராம் நிறையுடன் 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் மோட்டார் வண்டி மறுபுறம். நிறை பதினைந்து மடங்கு. வேகத்தின் வர்க்கம் ஒன்பது மடங்கு. ஆகவே இயக்க சக்தி 135 மடங்கு. துவிச்சக்கர வண்டி மோதி வயோதிபர் விழுந்து எலும்பு முறிவதுமுண்டு, உயிர் போவதுமுண்டு, மறுப்பதற்கில்லை. எனினும் 135 மடங்கு வலிமையுள்ளவனுக்கும் மற்றவனுக்கும் ஒரே சுமையை ஏற்றுவது சமத்துவமாகாது.

அநுமதிப் பத்திர முறை புதிதுமன்று. கனடாவின் ரொறன்ரோ நகரம் 1935இல் அதனைத் தொடங்கி 1957இற் கைவிட்டது. சிறு பிராயத்திலேயே பிள்ளைகளைச் சட்டத்தை மீறுவோராக்குகிறது என்பது அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. நமது நாட்டில் இவ்வண்டியில் ஏறுவோர் யாவர்? மீன் வியாபாரி, மேசன், கூலித் தொழிலாளி, பாடசாலைப் பிள்ளை. ஒரு நாட் கூலியை இழந்து வரிசையில் நின்று பெறவேண்டிய பத்திரம் இவர்களுக்கு ஒரு தலைவரியாகவே முடியும்.

ஆனாற் பயிற்சி வேறு, பத்திரம் வேறு. இவ்வேறுபாட்டை நன்கு உணர்ந்தவர் ஒல்லாந்தர். மக்கள் தொகையை விடத் துவிச்சக்கர வண்டிகளின் தொகை மிகுந்த அந்நாட்டில் அநுமதிப் பத்திரம் கிடையாது. எனினும் பெரும்பாலான ஆரம்பப் பாடசாலைகளில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் வீதிப் பரீட்சைக்குத் தோற்றுகின்றனர். எழுத்துப் பரீட்சையோடு அது முடிவதில்லை. இலக்கமிட்ட மேற்சட்டை அணிந்து, குறித்த பாதையில், மெய்யான வீதிகளிலே பிள்ளை தனியே செல்லவேண்டும். திரும்புமுன் தோளுக்கு மேலாகப் பின்னே பார்த்ததா, கை காட்டியதா, வழிவிட வேண்டியவருக்கு வழிவிட்டதா என்பவற்றைச் சந்திகளில் நிற்பவர்கள் குறித்துக்கொள்வர். தேறாத பிள்ளையின் வண்டியை எவரும் பறிப்பதில்லை. குறை எதுவென அதற்கு உணர்த்தப்படுகிறது. யப்பானியர் வேறொரு வழி கண்டனர். பதினான்கு வயதுக்கு மேற்பட்ட ஒருவர் மூன்று ஆண்டுகளுள் இரு முறை ஆபத்தான மீறல்களிற் பிடிபட்டாற் பாதுகாப்பு வகுப்புக்குச் செல்லவேண்டும் என 2015இல் விதித்தனர்.

பயிற்சியினாலேயே ஒல்லாந்து வீதிகள் பாதுகாப்பாயின என்று சொல்வது மாத்திரம் பொய்யாகும். 1971இல் அங்கு 3,000க்கு மேற்பட்டோர் வீதியில் மாண்டனர். அவர்களுள் 400க்கு மேற்பட்டோர் சிறுவர். தம் மகளை விபத்தில் இழந்த பத்திரிகையாளர் ஒருவர் 1972இல் எழுதிய கட்டுரையின் தலைப்பு, 'சிறுவர் கொலையை நிறுத்து' என்ற பொருள்பட ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. பெற்றோர் வீதிகளில் இறங்கினர். அதன் பின்னரே தனிப் பாதைகள் பெருகின. குடியிருப்புத் தெருக்களில் வேகம் தளர்ந்தது. பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை மோட்டார் வண்டி மோதினால், பிள்ளையிடம் தவறிருந்தாலும் நட்டம் முழுவதையும் பெரும்பாலும் மோட்டார் தரப்பே ஏற்க வேண்டும் என்பது அங்கு நிலவும் சட்டநெறி. பிள்ளைக்குப் பாடம், வலியவனுக்குப் பொறுப்பு.

யாழ்ப்பாணத்தைப் போலத் துவிச்சக்கர வண்டியை நம்பி வாழ்ந்த இடங்கள் குறைவு. 1990களின் எரிபொருள் தடைக்காலத்தில் நோயாளியும் விறகும் நெல்மூடையும் அதிலேயே சென்றன. 2022இல் எரிபொருளுக்கு நாடு முழுவதும் வரிசையில் நின்றபோது, கொழும்பிலும் அதன் அருமை உணரப்பட்டது. ஆயினும் நமது பிள்ளைக்குக் கிடைக்கும் கல்வி யாது? பாருக்குக் கீழே காலை நுழைத்து மிதிப்பதற்கு அண்ணன் பழக்குகிறான். ஆசனத்தைப் பிடித்துக்கொண்டு தகப்பன் சிறிது தூரம் ஓடுகிறார். பிடி விட்டதும் படிப்பு முடிந்தது! மறு வாரம் அப்பிள்ளை, விடியுமுன் தனியார் வகுப்புக்கு, பேருந்துகள் ஒன்றையொன்று முந்தி விரையும் கண்டி வீதியிற் செல்கிறது.

இடப்புறம் திரும்பக் காத்திருக்கும் லொறியின் இடப்பக்கத்திற் சென்று நிற்கலாகாது, அங்கே நிற்பவரைச் சாரதி காணமாட்டார் என்று அப்பிள்ளைக்குச் சொன்னவர் எவர்? நிறுத்தியிருக்கும் காரின் கதவு எந்நேரமும் திறக்கலாம் என்று சொன்னவர் எவர்? ஒரு கையால் வண்டியைப் பிடித்து மறு கையை நீட்டிக்கொண்டு நேராய்ச் செல்வதே தனிப் பழக்கம். அதனை வீதியிலன்றி மைதானத்திற் பழகவேண்டும். இதற்குப் புதிய சட்டமோ பெரும் பணமோ வேண்டியதில்லை. ஒல்லாந்துப் பிள்ளை வீதிப் பரீட்சைக்குத் தோற்றும் வயதில் நமது பிள்ளை புலமைப்பரிசில் பரீட்சை எழுதுகிறது. அப்பரீட்சை முடிந்து ஆண்டிறுதி வரை எஞ்சும் வாரங்கள் சிலவற்றை, மைதானத்திற் சுண்ணாம்பினால் ஒரு சந்தி வரைந்து, ஆசிரியர்கள் இதற்கு ஒதுக்கலாம்.