நர்ஸ்கள் ஏன் வேலையை விட்டுப் போகிறார்கள்? 41 மருத்துவமனைகள் சொன்ன பதில்!

ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் தங்கியவர்களுக்குத் தெரியும். டாக்டர் வந்து பார்ப்பது சில நிமிடங்கள்தான். மீதி நேரமெல்லாம் நோயாளியின் பக்கத்தில் இருப்பவர் நர்ஸ். மூச்சு வாங்குவதையும் முகம் வெளுப்பதையும் முதலில் கவனிப்பவரும் அவர்தான். ஆனால், 'இவருக்கு ஏதோ சரியில்லை' என்று அவர் சொன்னால் யாராவது காதுகொடுத்துக் கேட்கிறார்களா? அவர் அந்த வேலையில் நீடிப்பாரா, மாட்டாரா என்பதை இந்தக் கேள்வியும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது.

காந்தம் போல இழுத்த மருத்துவமனைகள்

1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நர்ஸ்களுக்குக் கடும் பற்றாக்குறை. ஆனால், சில மருத்துவமனைகளுக்கு மட்டும் அந்தக் கவலை இல்லை. சேர்ந்தவர்கள் அங்கேயே தங்கினார்கள். புதியவர்களும் தேடி வந்தார்கள். 'இது எப்படி?' என்று அமெரிக்க நர்ஸிங் அகாடமி ஆராய்ந்தது. 1983-ல் வெளியான அந்த ஆய்வில் 41 மருத்துவமனைகள் இடம்பெற்றன. நர்ஸ்களைக் காந்தம்போல ஈர்த்ததால், அவற்றுக்கு 'மேக்னட் மருத்துவமனைகள்' என்றே பெயர் வந்தது.

அங்கே என்ன வித்தியாசம்? நிர்வாகம் முடிவெடுக்கும் இடத்தில் நர்ஸிங் துறைத் தலைவரும் இருந்தார். நர்ஸ்களுக்குத் தங்கள் பணியில் சுயமாக முடிவெடுக்கும் உரிமை இருந்தது. டாக்டர்கள் அவர்களை ஏவலாளாகப் பார்க்காமல், சக ஊழியராக நடத்தினார்கள்.

நான்கு சாவிகள்

ஒருவர் வேலையில் எப்படி நடந்துகொள்கிறார் என்பது அவருடைய குணத்தை மட்டும் பொறுத்ததல்ல, நிறுவனத்தில் அவருக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் இடத்தையும் பொறுத்தது என்றார் சமூகவியலாளர் ரோசபெத் மாஸ் கான்டர். அவருடைய புத்தகம் 1977-ல் வந்தது. கனடாவின் ஹெதர் லாஷிங்கர் அந்தக் கருத்தை நர்ஸ்களிடம் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அதிகாரம் என்பது நான்கு விஷயங்கள்:

* தகவல்: நோயாளிக்கு மருந்து மாற்றப்பட்டால், அது ஏன் என்பதும் நர்ஸுக்குத் தெரிய வேண்டும்.
* ஆதரவு: தவறு நடந்தால் எல்லோர் முன்னிலையிலும் திட்டாமல், என்ன நடந்தது என்று கேட்கும் மேலதிகாரி வேண்டும்.
* வசதி: வேலை செய்யும் பி.பி. மெஷின், போதுமான ஆட்கள், சாப்பிட நேரம்.
* வாய்ப்பு: மேற்படிப்பு, பயிற்சி, பதவி உயர்வு.

இந்த நான்கும் கிடைக்கும் இடத்தில் நர்ஸ்களுக்கு மருத்துவமனை மீதான பற்று கூடுகிறது. சோர்வு குறைகிறது என்பதே லாஷிங்கரின் ஆய்வுகள் காட்டியது.

பற்றிலும் மூன்று வகை

ஒருவர் வேலையில் நீடிக்கிறார் என்பதாலேயே, அவர் மனசும் அங்கே இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. ஜான் மேயர், நடாலி ஆலன் என்ற கனடா உளவியலாளர்கள் இதை மூன்றாகப் பிரித்தார்கள். பிடித்திருப்பதால் இருப்பது, விட்டால் நஷ்டம் என்பதால் இருப்பது, நன்றிக்கடனாக, 'விட்டுப் போவது முறையில்லை' என்று இருப்பது.

பாண்ட் எழுதி வாங்கிக்கொண்டு நர்ஸை நிறுத்திவைக்கும் நிர்வாகத்துக்குக் கிடைப்பது இரண்டாவது வகைதான். பாண்ட் முடிந்த மறுநாளே அவர் கிளம்பிவிடுவார். முதல் வகைப் பற்றை எந்தக் காகிதத்தாலும் எழுதி வாங்க முடியாது.

நோயாளிக்கு என்ன லாபம்?

உயிரே லாபம். 1994-ல் லிண்டா ஐக்கன் குழுவினர் 39 மேக்னட் மருத்துவமனைகளை 195 பிற மருத்துவமனைகளோடு ஒப்பிட்டார்கள். மேக்னட் மருத்துவமனைகளில் முதியோர் காப்பீட்டு நோயாளிகளின் இறப்பு விகிதம் 4.6 சதவிகிதம் குறைவு.

2002-ல் அவர்களது இன்னோர் ஆய்வு, ஒரு நர்ஸ் கவனிக்கும் நோயாளிகளில் ஒருவர் கூடினாலும், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் 30 நாள்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவிகிதம் கூடுவதாகக் காட்டியது. அந்த ஒருவர் கூடும்போது நர்ஸ்களின் மனச்சோர்வும் கூடியது.

பாராட்டு மட்டும் போதுமா?

போதாது. மரியாதை வயிற்றை நிரப்பாது. இந்தியாவில் தனியார் மருத்துவமனை நர்ஸ்களின் சம்பளப் பிரச்னை உச்ச நீதிமன்றம் வரை போனது. நீதிமன்ற உத்தரவுப்படி அமைக்கப்பட்ட குழு, சிறிய மருத்துவமனைகளிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று 2016-ல் பரிந்துரைத்தது. நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2018-ல் கேரளா அந்தத் தொகையைக் குறைந்தபட்சச் சம்பளமாக அறிவித்தது. நியாயமான சம்பளம் அடித்தளம்; அதன் மேல் எழும்ப வேண்டியதுதான் அதிகாரமும் மரியாதையும்.

அதற்குக் கோடிகள் தேவையில்லை. டியூட்டி சார்ட் போடும்போது நர்ஸ்களின் கருத்தைக் கேட்கலாம். ரவுண்ட்ஸில், 'ராத்திரி நீங்கள் என்ன கவனித்தீர்கள்?' என்று டாக்டர் கேட்கலாம். நம் பங்குக்கும் ஒன்று உண்டு. அடுத்த முறை வார்டில் நர்ஸ் வரச் சற்றுத் தாமதமானால், குரலை உயர்த்தும் முன், இன்று அவர் எத்தனை பேரைத் தனியாகப் பார்க்கிறார் என்று கேளுங்கள். எண்ணிக்கை அதிகம் என்றால் அந்தப் புகாரை அவரிடம் சொல்லாதீர்கள், நிர்வாகத்திடம் சொல்லுங்கள்.