போகாத ஊருக்கு வழி

போகாத ஊருக்கு வழி சொல்வது என்று வீண் பேச்சை நம் நாட்டில் இகழ்வார்கள். ஆனால் போகாத ஊருக்கும், ஏன், இல்லாத ஊருக்குமே வழி எழுதிக் கொடுப்பதைத் தொழிலாகக் கொண்டவர் சிலர் இன்று இருக்கின்றனர். அவர்களுள் நானும் ஒருவன். கணினியில் இயங்கும் மென்பொருள்களைச் சோதிப்பதற்காகக் கற்பனை விலாசங்களை ஆக்கித் தருவது என் வேலையின் ஒரு பகுதி. கேட்பதற்கு இது விளையாட்டுப் போலத் தோன்றும். விளையாட்டு அன்று என்பதை எனக்கு உணர்த்தியது, என் ஊராகிய வெம்பக்கோட்டையில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி.

நான் தொழிலுக்குப் புதியவனாக இருந்த காலம் அது. கடன் தவணையை நினைவூட்டும் கடிதங்களைத் தாமே அச்சிட்டு அனுப்பும் மென்பொருள் ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தோம். மாதிரிக்கு ஒரு விலாசம் வேண்டியிருந்தது. எங்கள் தெருவில் வசித்த, பெரியம்மா முறை கொண்ட ஒருவரின் பெயரையும் கதவு எண்ணையும் சற்றும் யோசியாமல் எழுதிவிட்டேன். சோதனைப் பட்டியல் எப்படியோ உண்மைப் பட்டியலோடு கலந்துவிட்டது. நாற்பதாயிரம் ரூபாய் பாக்கி என்று அவர் வீட்டுக்குக் கடிதம் போயிற்று. பட்டாசு ஆலையில் தினக்கூலிக்குச் சென்று பிழைத்தவர் அவர். “நான் யாரிடமும் கைநீட்டி வாங்கவில்லையே, அய்யா” என்று கடிதத்தைப் படித்துக் காட்டியவரிடம் கலங்கியிருக்கிறார். காதுத் தோட்டை அடகு வைக்கலாமா என்று என் தாயாரிடம் யோசனையும் கேட்டிருக்கிறார். நான் ஊருக்குச் சென்று பிழையை ஒப்புக்கொண்ட பிறகே அவருக்கு உறக்கம் வந்தது.

அப்படியானால் மாதிரி விலாசமே இல்லாமல் சோதனை செய்யக்கூடாதா என்று நேயர்கள் கேட்கலாம். புதிதாகக் கட்டிய பாலத்தின் மீது மணல் மூட்டை ஏற்றிய வண்டிகளை ஓட்டிப் பார்த்த பின்னரே மக்களை அதன் மீது விடுகிறோம். மென்பொருளுக்கும் அத்தகைய மணல் மூட்டைகள் தேவை. அவை மனிதரின் எடை கொண்டிருக்க வேண்டும். மனிதராக இருத்தல் கூடாது. உருவத்தில் மெய்யாகவும், பொருளில் பொய்யாகவும் இருப்பதே நல்ல கற்பனை விலாசத்தின் இலக்கணம்.

உருவம் மெய்யாக இருக்க வேண்டுமானால், நம் அஞ்சல் முறையை முதலில் அறிய வேண்டும். 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் இந்தியாவில் பின்கோடு முறை நடைமுறைக்கு வந்தது. மத்திய அரசின் தகவல் தொடர்பு அமைச்சகத்தில் உயர் பதவி வகித்த ஸ்ரீராம் பிகாஜி வேலாங்கர் என்பவரே இதை வகுத்தவர். ஒரே பெயருள்ள ஊர்கள் பல இருந்ததும், விலாசங்கள் பல மொழிகளில் எழுதப்பட்டதும் கடிதங்களைத் திசைமாற்றின. எங்கள் வட்டாரத்தில் ஓர் ஆலங்குளம் உண்டு. தென்காசி மாவட்டத்திலும் ஓர் ஆலங்குளம் உண்டு. பெயர் ஒன்றாயினும் எண் வேறாகையால் இன்று குழப்பம் இல்லை. ஆறு இலக்கங்களில் முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடும் கேரளமும் அடங்கிய தென்பகுதி. முதல் மூன்று இலக்கங்கள் 626 என்றால் விருதுநகர்ப் பகுதி. கடைசி மூன்றும் கடிதத்தைப் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தைக் குறிப்பவை. எந்தப் பின்கோடும் 0 என்ற இலக்கத்தில் தொடங்குவதில்லை.

இனி ஆக்கும் முறையைச் சொல்கிறேன். பெயர்கள் ஒரு பட்டியல், தெருக்கள் ஒரு பட்டியல், ஊர்கள் ஒரு பட்டியல் என்று எழுதிக்கொள்கிறோம். சோழி குலுக்குவது போலக் கணினி ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்றை எடுத்துக் கோத்துத் தருகிறது. குலுக்கலுக்கு ஒரு தொடக்க எண் உண்டு. அதே எண்ணை மறுபடி கொடுத்தால் அதே விலாசங்கள் அதே வரிசையில் வரும். கண்ட பிழையைத் திரும்பச் சோதிக்க இது உதவும். நல்ல விலாசங்களோடு, சென்னை என்று எழுதி 626இல் தொடங்கும் எண்ணிட்டது, ஐந்தே இலக்கமுள்ளது, ஊர்ப் பெயரே இல்லாதது எனக் கெட்ட விலாசங்களையும் வேண்டுமென்றே ஆக்குகிறோம். அவற்றை மென்பொருள் தடுத்து நிறுத்துகிறதா என்று பார்ப்பதற்காகவே இந்த ஏற்பாடு.

உருவத்தை மெய்யாக்குவது இத்துணை எளிது. பொருளைப் பொய்யாக்குவதே கடினம். 1938ஆம் ஆண்டில், அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து லாக்போர்ட் நகரில் பணப்பை செய்யும் நிறுவனம் ஒன்று, சமூகப் பாதுகாப்பு அட்டை உள்ளே எப்படிப் பொருந்தும் என்று காட்ட மாதிரி அட்டை ஒன்றைப் பையில் வைத்தது. அதில் அலுவலகப் பெண்மணி ஒருவரின் உண்மை எண்ணை அச்சிட்டுவிட்டார்கள். மாதிரி என்று அட்டையில் எழுதியிருந்தும், பையை வாங்கியவர்கள் அதைத் தம் எண்ணாகவே கொண்டனர். 1943ஆம் ஆண்டில் மட்டும் 5,755 பேர் அதைப் பயன்படுத்தினர். அந்த எண் செல்லாது என்று அறிவிக்கப்பட்டு, பெண்மணிக்கு வேறு எண் தர வேண்டியதாயிற்று.

முழுக் கற்பனையும் ஒரு நாள் மெய்யாகலாம். ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை ஆர்தர் கோனன் டாயில் எழுதத் தொடங்கியபோது, லண்டன் பேக்கர் தெருவில் 221 வரை வீட்டெண்களே இல்லை. பிற்காலத்தில் தெருவின் எண்கள் நீண்டன. 1930களில் அங்கே அமைந்த நிதி நிறுவனம் ஒன்று, ஹோம்ஸுக்கு வரும் கடிதங்களுக்கு மறுமொழி எழுதவே ஒருவரை அமர்த்த நேர்ந்தது.

ஆகவே ஆக்கிய விலாசத்தை உண்மைப் பட்டியலோடு ஒப்பிட்டு, ஒத்துப்போவதை நீக்க வேண்டும். சோதனைக் கடிதம் வெளியே போகும் வழியையே அடைக்க வேண்டும். உண்மைப் பட்டியலை எடுத்துப் பெயரை மட்டும் அழித்துப் பயன்படுத்தலாமே என்பார் சிலர். பெருநகரத்தில் அது ஓரளவு மறைக்கலாம். சிற்றூரில் தெருவையும் வயதையும் தொழிலையும் சொன்னால், இன்னார் என்று குழந்தையும் சொல்லிவிடும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. தனிநபர் தரவுகளைக் காக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் 2023இல் இயற்றியது. ஒரு காரியத்துக்கென்று நம்பிக் கொடுத்த விலாசத்தை வேறொன்றுக்கு எடுத்தாள்வது நியாயமன்று என்பதே இவற்றின் சாரம்.

மற்றொரு கடமையும் உண்டு. நகரத்தில் இருந்து விலாசம் புனைபவர், குறுக்குத் தெரு, அடுக்ககம், மாடி எண் என்றே புனைகிறார். எங்கள் பக்கத்து விலாசமோ, “காளியம்மன் கோவில் தெற்குத் தெரு, சாத்தூர் வழி” என்று இருக்கும். கதவு எண்ணில் சாய்வுக் கோடு வரும். பெயருக்கு முன் தந்தையின் தலைப்பெழுத்து மட்டுமே நிற்கும். இவற்றைச் சோதனையில் சேர்க்காவிட்டால், மென்பொருள் இவற்றைப் பிழையென்று தள்ளிவிடும். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் ஆலைத் தொழிலாளியிடம் “உங்கள் விலாசம் செல்லாது” என்று இயந்திரம் சொன்னால், அது யார் குற்றம்? மாதிரியில் அவரை மறந்தவர் குற்றமே.

2025இல் நம் அஞ்சல் துறை டிஜிபின் என்னும் பத்து எழுத்துக் குறியீட்டை வெளியிட்டது. அது நாட்டை ஏறத்தாழ நான்கு மீட்டர்ச் சதுரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பெயரிடுகிறது. இனித் தோன்றியபடி ஒரு குறியீட்டை எழுதினால், அது யாருடைய வீட்டுக் கூரையாகவும் இருக்கக்கூடும். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் அப்படியே நடந்தது. இருப்பிடம் தெரியாத கோடிக்கணக்கான கணினி இணைப்புகளுக்கு, நாட்டின் நடுப்புள்ளியென ஓர் இடத்தை ஒரு நிறுவனம் குறித்து வைத்தது. அது ஒரு பண்ணை வீடு. செய்யாத குற்றங்களுக்காகக் காவலர்கள் அங்கே பல ஆண்டுகள் வந்து கதவைத் தட்டினர். 2016இல் செய்தி வெளியான பின் நிறுவனம் அப்புள்ளியை ஓர் ஏரியின் நடுவுக்கு மாற்றியது.

இப்போது என்னிடம் மாதிரிப் புள்ளி கேட்டால், வைப்பாற்று நீர் தேங்கும் வெம்பக்கோட்டை அணையின் நடுவிடத்தைக் கொடுக்கிறேன். அங்கே தட்டுவதற்குக் கதவு இல்லை. கடிதம் கண்டு கலங்குவதற்குப் பெரியம்மாவும் இல்லை.